ஏட்டில் ஏறாத கம்ப்யூட்டர்! 14 கோடிப் பேர் ரகசியம் போயிற்று

மளிகைக் கடையில் எத்தனை மூட்டை அரிசி இருக்கிறது? கணக்குப்பிள்ளை ஏட்டைப் பார்த்துச் சொல்லி விடுவார்.

கம்ப்யூட்டர்களை அடுக்கடுக்காக வைத்திருக்கும் 'டேட்டா சென்டரு'க்கும் ஓர் ஏடு வேண்டும். எந்தக் கம்ப்யூட்டர் எங்கே இருக்கிறது, அதில் என்ன 'சாப்ட்வேர்' ஓடுகிறது என்று அதில் எழுத வேண்டும்.

ஏடு சரியாக இல்லாவிட்டால்?

அமெரிக்காவில் 'ஈக்விபேக்ஸ்' என்று ஒரு கம்பெனி. யார் எவ்வளவு கடன் வாங்கினார்கள், ஒழுங்காகக் கட்டினார்களா என்று கணக்கு வைப்பது அதன் தொழில்.

2017 மார்ச்சில் ஒரு செய்தி வந்தது. 'அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ்' என்ற சாப்ட்வேரில் ஓட்டை! 48 மணி நேரத்துக்குள் அடைக்கும்படி கம்பெனிக்குள் உத்தரவு பறந்தது.

ஆனால் அது எந்தெந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறது? முழுப் பட்டியல் இல்லை. தேடினார்கள், ஒன்று கண்ணில் படவில்லை.

மே மாதம் அதன் வழியே திருடர்கள் புகுந்தார்கள். 76 நாள் சுருட்டினார்கள். காவல் கருவியும் தூங்கியது. அதற்குரிய சான்றிதழைப் பல மாதங்களாகப் புதுப்பிக்கவில்லை! ஜூலை 29-ந் தேதி புதுப்பித்தார்கள். உடனே திருட்டு தெரிந்தது.

சுமார் 14 கோடியே 70 லட்சம் பேரின் விவரங்கள் பறிபோயின. 2019-ல், குறைந்தது 57½ கோடி டாலர் கொடுக்கக் கம்பெனி ஒப்புக்கொண்டது.

பூட்டு வாங்குமுன், வீட்டுக்கு எத்தனை கதவு என்று எண்ண வேண்டும்!