கொழும்பில் கெம்பஸ் கிடைத்த பிள்ளைகளும் அறை தேடும் வாப்பாமாரும்

பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளிகள் வெளியாகி இரண்டு மூன்று நாட்களுக்குள் ஊரிலிருந்து எனக்கு அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். பெரும்பாலும் வாப்பாமார்தான் பேசுவார்கள். "தம்பி, மகளுக்குக் கொழும்பு கெம்பஸ் கிடைச்சிருக்கு. நம்மட ஆக்கள்ர றூம் ஒண்டு பார்த்துத் தரேலுமா?" வாழ்த்துச் சொல்லிவிட்டு நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "எந்தப் பீடம், அது எங்கே இருக்கிறது?" என்பதுதான். பாதிப் பேரிடம் அதற்குப் பதில் இருக்காது. "கொழும்புதானே" என்பார்கள். ஒருவர் தெமட்டகொடையில் அறைக்கு முற்பணம் கொடுத்து, மெத்தையும் வாங்கிப் போட்ட பின்னரே, மகனின் தொழில்நுட்பப் பீடம் ஹோமாகம பிட்டிபனையில் இருப்பதை அறிந்தார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. பல்கலைக்கழகம் என்றதும் எமது மனதில் எழும் படம் பேராதனையினுடையது. ஒரு பெரிய வளாகம், அதற்குள்ளேயே விரிவுரை மண்டபம், விடுதி, நூலகம், மைதானம். 1942இல் கொழும்பில் தொடங்கப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகத்தை 1952இல் பேராதனைக்குக் கொண்டு சென்றபோது, மாணவர்கள் தங்கிப் படிக்கும் இடமாகவே அதனைத் திட்டமிட்டார்கள். கொழும்பில் அப்படி அமையவில்லை. நகரத்துக் கட்டடங்களுக்கிடையே கிடைத்த இடங்களில் பீடங்கள் ஒவ்வொன்றாக வளர்ந்தன. எனவே கொழும்பில் அனுமதி கிடைத்த பிள்ளைக்குக் கடிதம் தருவது விரிவுரை மண்டபத்தில் ஓர் இருக்கையை மட்டுமே. நகரத்தில் தனக்கான இடத்தை அந்தப் பிள்ளை தானே தேடிக்கொள்ள வேண்டும். முதல் மூன்று மாதங்களில் அதனைத் தேடிக்கொண்டவர்கள் நன்றாகப் படித்து வெளியேறியதையும், தேடிக்கொள்ளாதவர்கள் நான்கு வருடமும் ஊருக்குப் போகும் இரவு பஸ்ஸையே நினைத்துக்கொண்டிருந்ததையும் நான் பார்த்திருக்கிறேன்.

முதலில் இடங்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கலை, சட்டம், முகாமைத்துவம், விஞ்ஞானம் ஆகிய பீடங்கள் குமாரதுங்க முனிதாச மாவத்தை, தேர்ஸ்டன் வீதிப் பகுதியில் உள்ளன. மருத்துவ பீடம் கின்சி வீதியில், தேசிய வைத்தியசாலையை அண்டி இருக்கிறது. தொழில்நுட்பப் பீடம் பிட்டிபனையில். ஸ்ரீபாலி வளாகமும் கொழும்புப் பல்கலைக்கழகத்தினுடையதுதான், ஆனால் அது இருப்பது ஹொரணையில். ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகம் நுகேகொடைக்கு அப்பால் கங்கொடவிலவில் இருக்க, அதன் தொழில்நுட்பப் பீடமும் ஹோமாகமப் பக்கத்திலேயே உள்ளது. களனிப் பல்கலைக்கழகம் தலுகமவில், அதன் மருத்துவ பீடமோ ராகமையில். மொறட்டுவை என்றால் கட்டுபெத்த. இவையெல்லாம் ஊரிலிருந்து பார்க்கையில் "கொழும்பு"தான். காலை எட்டு மணி விரிவுரைக்குப் போக வேண்டிய பிள்ளைக்கு அவை வெவ்வேறு ஊர்கள்.

ஆகவே அறை பார்க்கும்போது தூரத்தைக் கிலோமீற்றரில் அளக்காதீர்கள். எத்தனை தடவை பஸ் மாற வேண்டும் என்று கேளுங்கள். ஹைலெவல் வீதியில் தங்கும் பிள்ளை 138ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் விஜேராமவுக்கும் போகலாம், தும்முல்லைக்கும் போகலாம். தெஹிவளையில் தங்குபவர் காலி வீதியின் காலை நெரிசலில் நிற்பதற்குப் பதிலாக, கரையோர ரயிலில் பம்பலப்பிட்டியில் இறங்கி நடக்கலாம். பஸ் மாறி மாறிப் போக வேண்டிய இடத்தில் வாடகை குறைவாக இருந்தாலும், மிச்சப்படுத்திய பணம் முச்சக்கர வண்டிக்கே போய்விடும். மாணவர் பருவச்சீட்டு எடுத்தால் செலவு குறையும், ஆனால் அது இ.போ.ச. பஸ்களுக்கு மட்டும்தான்.

வெளியில் அறை தேடுமுன் விடுதிக்கு விண்ணப்பியுங்கள். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், எமது பெற்றோர் பலர் விடுதி என்றாலே "வேணாம்" என்றுவிடுகிறார்கள். கொழும்பில் விடுதி இடங்கள் குறைவுதான், ஆனால் தெரிவின்போது வீட்டின் தூரமும் குடும்ப வருமானமும் கவனிக்கப்படுகின்றன. அம்பாறை, மட்டக்களப்பு, திருகோணமலை, மன்னார், புத்தளம் பிள்ளைகளுக்கு அது சாதகமானது. கட்டணமும் வெளியிடங்களோடு ஒப்பிட முடியாத அளவு சிறியது. கிராம உத்தியோகத்தரின் சான்றிதழையும் வருமானச் சான்றையும் காலம் தாழ்த்தாமல் எடுத்து வையுங்கள். பொதுவாக முதலாம் வருடத்திலும் இறுதி வருடத்திலுமே விடுதி கிடைக்கும். நடுவிலுள்ள வருடங்களுக்கு அறை தேடும்போது, பிள்ளைக்கு நகரம் பழகியிருக்கும்.

வெளியில்தான் தங்க வேண்டும் என்றால், மூன்று மாத முற்பணம், ஆறு மாத முற்பணம் என்று கேட்பார்கள். கொடுக்கும் பணத்துக்குக் கையெழுத்துடன் ஒரு துண்டு வாங்காமல் வராதீர்கள். "நம்மட ஆக்கள்தானே" என்று துண்டு கேட்க வெட்கப்பட்டு, விலகும்போது முழு முற்பணத்தையும் இழந்தவர்களில் நானும் ஒருவன். மின்சாரம், தண்ணீர், வைபை கட்டணங்கள் வாடகைக்குள்ளா வெளியேயா, சமைக்கலாமா, வாடகையை உயர்த்துவதென்றால் எத்தனை நாளுக்கு முன்னர் சொல்வார்கள் என்பதையும் முதல் நாளே பேசுங்கள். பல்கலைக்கழகம் மூடியிருந்தாலும் வாடகை ஓடிக்கொண்டிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். 2024இல் கல்விசாரா ஊழியர்களின் வேலைநிறுத்தம் இரண்டு மாதங்களைத் தாண்டியபோது, ஊரில் இருந்துகொண்டே கொழும்பு அறைக்கு வாடகை கட்டிய குடும்பங்களை எனக்குத் தெரியும்.

மகாபொல இருக்கிறதே என்பார்கள். 1981இல் தொடங்கிய அந்தப் புலமைப்பரிசில் எத்தனையோ ஏழைப் பிள்ளைகளைக் கரைசேர்த்திருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் 2025 வரவு செலவுத் திட்டத்தில் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்ட பின்னரும், கொழும்பில் பல இடங்களில் அறை வாடகைக்கே அது போதாது. மாதம் பிறந்ததும் வந்து சேரும் சம்பளமும் அல்ல அது. முதல் தவணை கைக்கு வரச் சில மாதங்கள் ஆகலாம். ஆகவே முதல் ஆறு மாதத்துக்கான செலவை மகாபொல இல்லை என்று வைத்தே கணக்குப் பாருங்கள். வீட்டு நிலைமை கஷ்டம் என்றால் அதைப் பிள்ளையிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வாப்பாவிடம் பணம் இல்லை என்பது தெரியாமல் செலவழிக்கும் பிள்ளையும் உண்டு. இல்லை என்பதை அரைகுறையாக அறிந்துகொண்டு, கேட்கவும் தயங்கி, இரவுச் சாப்பாட்டைக் கைவிடும் பிள்ளையும் உண்டு. இரண்டாவது வகைதான் எமது ஊர்களில் அதிகம்.

இனி, யாரும் பேசாத விடயத்துக்கு வருகிறேன். எமது பிள்ளைகள் பெரும்பாலும் தமிழ் மொழியில் உயர்தரம் படித்து வருகிறார்கள். மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம், முகாமைத்துவம் எல்லாம் ஆங்கிலத்தில். அந்தப் பயம் எல்லோருக்கும் உண்டு, அதற்குப் பல்கலைக்கழகமே வகுப்பு நடத்தும். ஆனால் வீட்டுக்கார அம்மாவிடமும் பஸ் நடத்துநரிடமும், அலுவலக எழுதுவினைஞரிடமும், குழுவாகச் செய்முறை செய்யும் சக மாணவரிடமும் பேசுவது சிங்களத்தில். அதற்கு எவரும் வகுப்பு வைப்பதில்லை. தமிழும் அரசகரும மொழி, பொலிஸில் தமிழிலேயே முறைப்பாடு செய்யும் உரிமை எமக்குண்டு. உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. ஆனால் சிங்களம் தெரியாத பிள்ளை எப்போதும் இன்னொருவரின் கையைப் பிடித்துக்கொண்டே நகரத்தில் நடக்க வேண்டியிருக்கிறது.

2019 ஏப்ரலுக்குப் பின்னர் இதன் கனம் கூடியது. அந்த வருடம் ஒரு தம்பிக்காக நான் அறை கேட்டுப் போன வீடொன்றில், பெயரைக் கேட்டதும் "இப்போதுதான் வேறொருவருக்குக் கொடுத்தோம்" என்றார்கள். வாசலில் அறிவித்தல் பலகை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த தெருவில் ஒரு வயோதிபத் தம்பதியிடம் அந்தத் தம்பியே தட்டுத்தடுமாறிய சிங்களத்தில் பேசினான். எங்கே படிக்கிறாய், அம்மா என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். நான்கு வருடமும் அவன் அந்த வீட்டிலேயே இருந்தான். எல்லாக் கதவுகளும் இப்படித் திறக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். பேசத் தெரியாவிட்டால் அந்தக் கதவையும் தட்டியிருக்க முடியாது. பெறுபேறு வந்து பல்கலைக்கழகம் தொடங்கும் வரை மாதக்கணக்கில் காத்திருக்கும் காலத்தை எமது பிள்ளைகள் வீணாக்குகிறார்கள். அதில் பேச்சுச் சிங்களம் பழகலாம்.

அதேவேளை எமது ஆட்களோடு இருப்பதில் நிம்மதி இருக்கிறது. சஹருக்கு எழுப்ப ஆளிருக்கும், சாப்பாட்டில் சந்தேகம் இராது. மருத்துவ பீடத்துப் பிள்ளைக்கு தெவட்டகஹ பள்ளிவாசல் அருகிலேயே உள்ளது. மற்ற இடங்களில் தொழுகைக்கு எங்கே போவது, வெள்ளிக்கிழமை நண்பகல் விரிவுரையை எப்படிச் சமாளிப்பது என்பதையெல்லாம் முஸ்லிம் மஜ்லிஸ் மாணவர்கள் சொல்லித் தருவார்கள். பரீட்சைக்கு முன்னர் சீனியர்மார் நடத்தும் குப்பி வகுப்புகள் இல்லாவிட்டால் நானே பட்டம் பெற்றிருக்க மாட்டேன். கிழக்கில் "காக்கா" என்பவரை இங்கே "நானா" என்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அறை பார்த்துத் தந்த நானாவே, அந்த நன்றிக்குப் பதிலாகக் கீழ்ப்படிவைக் கேட்கலாம். பகிடிவதை எப்போதும் அந்நிய முகத்தோடு வருவதில்லை. "கொஞ்ச நாள் பொறுத்துக்கோ, நாங்களும் இப்படித்தான்" என்று எமது மொழியிலேயே வரும். 1997இல் பேராதனையில் ஒரு மாணவர் பகிடிவதையால் உயிரிழந்ததை அடுத்து, 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவரப்பட்டது. பகிடிவதை செய்பவருக்கு இரண்டு வருடம் வரையிலும், பாலியல் துன்புறுத்தலோ கடுங்காயமோ ஏற்பட்டால் பத்து வருடம் வரையிலும் சிறைத்தண்டனை விதிக்க அதில் இடமுண்டு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் இணையம் மூலமாகவே முறையிடலாம். மாணவ ஆலோசகர்களும் இருக்கிறார்கள். பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்: பிள்ளை வாய் திறந்து சொன்னால், "எல்லாரும் படுறதுதானே" என்று மாத்திரம் சொல்லிவிடாதீர்கள். அதன் பிறகு அந்தப் பிள்ளை உங்களிடம் எதுவும் சொல்லாது.

மகள்மாரைப் பற்றி வாப்பாமார் கேட்பதெல்லாம் பாதுகாப்பைத்தான். நியாயமான கவலை. ஆனால் பாதுகாப்பு என்ற பெயரில் தெரிவு செய்யப்படும் சில வீடுகளில் மாலை ஆறு மணிக்குக் கதவு பூட்டப்படுகிறது. ஆய்வுகூட வேலையோ மருத்துவமனைப் பயிற்சியோ அந்த நேரத்துக்கு முடியும் என்று எந்தப் பீடமும் உத்தரவாதம் தராது. வீட்டுக்காரரிடம் நேர அட்டவணையைக் காட்டிப் பேசுங்கள். பீடத்துக்கு நடந்து போகக்கூடிய பெண்கள் விடுதி, மூன்று பஸ் மாறிச் செல்லும் உறவினர் வீட்டை விடப் பாதுகாப்பானது என்பது என் அபிப்பிராயம். நெரிசல் பஸ்ஸில் நேரும் தொந்தரவு தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின் கீழ் குற்றம். சத்தம் போட்டால் தனக்குத்தான் வெட்கம் என்று நினைக்கும் பிள்ளைக்கு, அது அப்படியல்ல என்பதை உம்மாதான் முன்கூட்டிச் சொல்லி அனுப்ப வேண்டும். இந்தப் பயங்களால் கிடைத்த இடத்தையே விட்டுவிட்ட பிள்ளைகளும் எங்கள் ஊரில் உண்டு. அவர்களில் ஒருவரைப் பார்க்கும் போதெல்லாம், அந்த வருடம் அவரது வாப்பா என்னை அழைத்தபோது நான் இன்னும் கொஞ்ச நேரம் பேசியிருக்கலாமோ என்று தோன்றும்.

இரண்டாம் மாதத்தில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு மனம் சோரும். ஊரில் முழு வகுப்பிலும் முதலாவதாக வந்தவர், இங்கே எல்லோருமே முதலாவதாக வந்தவர்கள் என்பதைக் காணும் காலம் அது. வாராவாரம் ஊருக்கு ஓடுவது அதற்கு மருந்தல்ல. வெள்ளி இரவு பஸ்ஸேறி, ஞாயிறு இரவு மீண்டும் பஸ்ஸேறி, திங்கள் காலை விரிவுரையில் தூங்கும் பிள்ளைக்கு ஊரும் இல்லை, நகரமும் இல்லை. முதல் இரண்டு மாதங்களில் ஒரு தடவை மட்டும் போய் வாருங்கள். மிச்ச வார இறுதிகளில் பொது நூலகத்துக்கோ அருங்காட்சியகத்துக்கோ கூடப் படிக்கும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் வேறு சமூகத்தவராக இருந்தால் இன்னும் நல்லது. சட்டம் படிப்பவருக்கு நீதிமன்றங்களும், முகாமைத்துவம் படிப்பவருக்குப் பயிற்சிக்கான நிறுவனங்களும் ஒரு பஸ் தூரத்தில் இருப்பது இந்த நகரத்தில்தான். அறைக்குள் கைத்தொலைபேசியோடு கிடப்பவருக்கு அவை எங்கிருந்தால் என்ன?

பதிவு செய்யும் தினத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே வாருங்கள். வாப்பாவும் பிள்ளையும் சேர்ந்து, தங்கப்போகும் இடத்திலிருந்து பீடத்தின் வாசல் வரை காலை ஏழு மணிக்கு ஒரு தடவை பஸ்ஸிலேயே போய்ப் பாருங்கள். நடத்துநரிடம் டிக்கெட் கேட்பது பிள்ளையாக இருக்கட்டும். அடையாள அட்டை, பெறுபேற்றுச் சான்றிதழ், கிராம உத்தியோகத்தர் சான்றிதழ் ஒவ்வொன்றிலும் ஐந்து பிரதிகள் ஊரிலேயே எடுத்துக்கொண்டு வாருங்கள். பதிவு நாளில் வளாகத்துக்கு வெளியே உள்ள போட்டோ பிரதிக் கடைகளில் வரிசை எவ்வளவு நீளம் என்பதை வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.