கப்பல் குப்பை: அன்றும் இன்றும்

2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'எம்ப்ரஸ்' சொகுசுக் கப்பல் கிளம்பியதைப் பலரும் படித்திருப்பீர்கள். அதன் முன்கதை அதிகம் பேருக்குத் தெரியாது. 1990இல் ராயல் கரீபியன் நிறுவனத்துக்காக 'நார்டிக் எம்ப்ரஸ்' என்ற பெயரில் ஓடத் தொடங்கிய கப்பல் அது. 1993 பிப்ரவரியில், பஹாமாஸ் அருகே அதன் பின்னால் நீண்டு கிடந்த எண்ணெய்ப் படலத்தை அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விமானம் கண்டுபிடித்தது. மியாமியில் சோதனையிட்டபோது, எண்ணெய்ப் பதிவேட்டில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்த நிறுவனத்தின் எஞ்சின் அறைகளில் அந்தப் பதிவேட்டுக்கு 'கட்டுக்கதைப் புத்தகம்' என்றே பெயர் வைத்திருந்தார்களாம். எண்ணெயோடு, புகைப்படம் கழுவிய ரசாயனமும் உலர்சலவை ரசாயனமும் கடலுக்குப் போயிருந்தன. 1999இல் மட்டும் 21 குற்றங்களை ஒப்புக்கொண்டு, 1.8 கோடி டாலர் அபராதம் கட்டினார்கள்.

அன்று சட்டம் இல்லாமலில்லை. கடலில் பிளாஸ்டிக் கொட்டக் கூடாது என்ற விதி, கப்பல்களால் கடல் மாசடைவதைத் தடுக்கும் சர்வதேச மார்பால் உடன்படிக்கையின் கீழ், 1988 டிசம்பர் 31இலேயே அமலுக்கு வந்துவிட்டது. இருந்தும் புளோரிடா கீஸ் அருகே 'ரீகல் பிரின்சஸ்' கப்பலிலிருந்து குப்பைப் பைகள் கடலில் விழுந்தன. பயணியாக வந்த ஒரு தம்பதி அதை வீடியோ எடுத்தார்கள். 1993இல் நிறுவனத்துக்கு 5 லட்சம் டாலர் அபராதம், அதில் பாதி அந்தத் தம்பதிக்குப் பரிசு. கடலைக் காப்பாற்றியது விதி மட்டுமல்ல, பார்த்துவிட்டுச் சும்மா இருக்காத ஆட்களும்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

இன்று பெரிய கப்பலின் அடித்தளத்தில் 'கார்பேஜ் ரூம்' ஓய்வில்லாமல் இயங்குகிறது. கையுறை போட்ட ஊழியர்கள் மேஜையில் குப்பையைக் கொட்டிக் கையாலேயே பிரிக்கிறார்கள். பாட்டில்களை நிறவாரியாக நொறுக்குகிறார்கள். டின்களும் அட்டைப்பெட்டிகளும் அமுக்கப்பட்டுக் கட்டுகளாகின்றன. பிளாஸ்டிக் கடலில் இறங்கவே கூடாது. பாட்டில், டின், அட்டைகளை விற்ற காசு பல கப்பல்களில் ஊழியர் நலநிதிக்குப் போகிறது. மிச்சச் சாப்பாட்டை 25 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்கும் அளவுக்கு அரைத்தால், பொதுவாகக் கரையிலிருந்து 3 கடல் மைல் தாண்டிக் கொட்டலாம். அரைக்காவிட்டால் 12 கடல் மைல். தட்டில் ஒரு பயணி விட்டுப்போன வெண்ணெய்ப் பொட்டலமோ உறிஞ்சுகுழலோ கலந்துவிட்டால், அதுவும் அரைபட்டுக் கடலுக்குள் போகும். பஹாமாஸ் கடலில் அப்படிப் பிளாஸ்டிக் கலந்த கழிவைக் கொட்டியதும் சேர்த்துத்தான் கார்னிவல் நிறுவனம் 2019இல் 2 கோடி டாலர் கட்டியது.

ஏற்கெனவே நீதிமன்றக் கண்காணிப்பில் இருந்த நிறுவனம் அது. காரணம், அதன் துணை நிறுவனமான பிரின்சஸின் ஒரு கப்பலில் 2013இல் இருந்த ரகசியக் குழாய். எண்ணெய் கலந்த தண்ணீரைச் சுத்திகரிக்காமல் நேரே கடலில் விட்ட அந்தக் குழாயைப் படம் எடுத்து, கப்பலை விட்டு இறங்கிப் புகார் கொடுத்தவர் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஓர் இளம் பொறியாளர். 2016இல் 4 கோடி டாலர் அபராதம் கட்ட பிரின்சஸ் ஒப்புக்கொண்டது.

கழிவறை நீர் விஷயத்தில் அலாஸ்கா முந்திக்கொண்டது. 2000இல் அங்கே கப்பல்களின் கழிவுநீர் மாதிரிகளை எடுத்துச் சோதித்தபோது, அநேகமாக எல்லாமே தேறவில்லை. சட்டங்கள் வந்தன, சவ்வு வடிகட்டியும் புற ஊதா விளக்கும் கொண்ட சுத்திகரிப்பு எந்திரங்கள் கப்பலேறின. பால்டிக் கடலில் பயணிகள் கப்பல்கள் கழிவறை நீரை அப்படியே விட இப்போது தடை.

ஆனால் குளித்த, துவைத்த, பாத்திரம் கழுவிய தண்ணீர்? 3000 பேர் போகும் கப்பலில் வாரத்துக்குச் சுமார் 38 லட்சம் லிட்டர். மார்பால் உடன்படிக்கை இன்றுவரை அதைக் கட்டுப்படுத்தவில்லை. கப்பலில் டிக்கெட் எடுக்கும்போது, அந்தத் தண்ணீரை எங்கே விடுகிறீர்கள் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.