பார்வை இழப்பின் வேகத்தை முன்கூட்டியே அறிய முடியுமா?

கண் நீர் அழுத்த நோய் (கிளாக்கோமா) இருப்பதாக அறிந்ததும் நோயாளிகளும் உறவினர்களும் எங்களிடம் கேட்கும் முதல் கேள்வி, "பார்வை முழுவதும் போய்விடுமா?" என்பதே. முதல் நாளிலேயே இதற்கு உறுதியான விடை கூற இயலாது. ஆயினும், உரிய பரிசோதனைகளை முறையாகத் தொடர்ந்து செய்தால், நோய் எவ்வளவு வேகத்தில் முன்னேறுகிறது என்பதை ஓரளவு கணிக்க முடியும்.

இந்நோயினால் இழந்த பார்வையை மருந்தாலோ அறுவைச் சிகிச்சையாலோ மீட்க இயலாது; எஞ்சியிருப்பதைக் காக்கவே முடியும். ஆகவேதான் நோயின் வேகத்தை அறிவது இன்றியமையாததாகிறது.

இதற்கு முதன்மையாக உதவுவது 'ஃபீல்டு டெஸ்ட்' எனப்படும் பார்வைப்புலப் பரிசோதனை. ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்துமாறு உங்களைக் கேட்பது இதில்தான். இதன் முடிவு டெசிபல் என்னும் அலகில் குறிக்கப்படும். இயல்பான பார்வைப்புலத்தின் அளவு 0-ஐ ஒட்டியிருக்கும். இழப்பு மிகும்போது அது -10, -20 எனக் கீழிறங்கும்.

60 வயதுடைய இருவருக்கு இன்று ஒரே அளவு, அதாவது -6 இருப்பதாகக் கொள்வோம். ஒருவருக்கு ஆண்டுக்கு 0.2 டெசிபல் குறைந்தால், 80 வயதில் -10 ஆகும். அன்றாட வாழ்வுக்குப் போதிய பார்வை பெரும்பாலும் எஞ்சியிருக்கும். மற்றவருக்கு ஆண்டுக்கு 1 டெசிபல் குறைந்தால், அதே வயதில் -26 ஆகிவிடும். அது ஏறக்குறைய முழுமையான இழப்பு. இவர்களுள் யாருக்குத் தீவிர சிகிச்சை தேவை என்பதை இன்றைய அளவு காட்டாது, வேகமே காட்டும்.

களைப்பு, பழக்கமின்மை போன்ற காரணங்களால் இப்பரிசோதனையின் முடிவு ஒவ்வொரு முறையும் சற்று மாறக்கூடும். எனவே ஓரிரு முடிவுகளை மட்டும் கொண்டு வேகத்தைக் கணிப்பது பிழையாகலாம். முதல் இரண்டு ஆண்டுகளில் 6 முறை பரிசோதிப்பது நல்லது என வல்லுநர்கள் பரிந்துரைப்பதன் காரணம் இதுவே. நரம்பிழைப் படலத்தின் தடிமனை அளக்கும் ஓசிடி ஸ்கேன், கண் அழுத்தம், கருவிழியின் தடிமன், வயது ஆகியவற்றையும் நாங்கள் சேர்த்தே கருதுகிறோம். செயற்கை நுண்ணறிவின் துணையுடன் கணிக்கும் ஆய்வுகளும் நோயாளியின் முந்தைய முடிவுகளையே அடிப்படையாகக் கொள்கின்றன.

முன்கணிப்பு என்பது மாற்ற முடியாத தீர்ப்பன்று. கண் அழுத்தம் 1 மில்லிமீட்டர் குறைந்தாலும், நோய் முன்னேறும் வாய்ப்பு ஏறத்தாழ 10 சதவீதம் குறைவதாக ஸ்வீடனில் நடைபெற்ற ஒரு நீண்டகால ஆய்வு காட்டியது.

நீங்கள் செய்ய வேண்டியவை:

• பழைய பரிசோதனை அறிக்கைகள் அனைத்தையும் ஒரே கோப்பில் வைத்து, ஒவ்வொரு முறையும் கொண்டு வாருங்கள். வேறு மருத்துவமனையில் எடுத்தவையும் பயன்படும்.

• சொட்டு மருந்தை விட்டுவிட்ட நாள்கள் இருந்தால் மறைக்காமல் கூறுங்கள். இல்லையெனில் மருந்து பலனளிக்கவில்லை எனக் கருதி, தேவையற்ற அறுவைச் சிகிச்சையைப் பரிந்துரைக்க நேரலாம்.

• பார்வை தெளிவாக இருக்கிறது என்பதற்காகப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். இந்நோய் பெரும்பாலும் வலியின்றி, பக்கப் பார்வையிலிருந்தே தொடங்குகிறது.

• உடன்பிறந்தோரையும் பிள்ளைகளையும் கண் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள்.

அடுத்த முறை வரும்போது, "எனக்கு நோய் எந்த வேகத்தில் முன்னேறுகிறது?" என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். அதனை அறிந்துகொள்வது உங்கள் உரிமை.