பாதரச நச்சும் தொழிலாளர் பாதுகாப்பும்

வெப்பமானி, இரத்த அழுத்தமானி, குழல் விளக்கு, காஸ்டிக் சோடா ஆகியவற்றின் உற்பத்தியில் பாதரசம் நமது நாட்டில் பல்லாண்டுகள் தாராளமாகப் பயன்பட்டு வந்தது. காஸ்டிக் சோடா ஆலைகள் பாதரசக் கலங்களைக் கைவிட்டுச் சவ்வுக் கலங்களுக்கு மாறின. பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கையில் இந்தியா 2014ஆம் ஆண்டு கையெழுத்திட்டு, 2018இல் அதற்கு ஏற்பளித்தது. ஆயினும் ஒரு பொருளின் உற்பத்தி குறைவதாலேயே அதைக் கையாளும் தொழிலாளிக்கு ஆபத்து நீங்கிவிடுவதில்லை. பழைய கருவிகளைப் பழுது பார்ப்பவர், உடைப்பவர், கழிவாகச் சேகரிப்பவர் ஆகியோரின் கைகளில் பாதரசம் இன்றும் புழங்குகிறது.

பாதரசத்தைத் தொட்டாலோ விழுங்கினாலோ ஆபத்து என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில், விழுங்கிய பாதரச உலோகம் குடலில் மிகச் சிறிதளவே உறிஞ்சப்படுகிறது. கேடு விளைவிப்பது அதன் ஆவியே. சுவாசத்துடன் உட்செல்லும் ஆவியில் சுமார் 80 விழுக்காடு இரத்தத்தில் கலந்து மூளையையும் சிறுநீரகத்தையும் அடைகிறது. கருவுற்ற பெண்ணின் உடலிலிருந்து கருவையும் எட்டுகிறது. இந்த ஆவிக்கு நிறமில்லை, மணமில்லை. எனவே, அறையில் இருப்பவர் அதை உணர வழியில்லை.

1987ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்க்கப்பட்ட வரம்பின்படி, பணியிடக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு எட்டு மணி நேரச் சராசரியாக 0.05 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம். காற்றோட்டமில்லாத மூடிய அறையில் பாதரசம் சிந்திக் கிடந்தால், 20 டிகிரி வெப்பத்தில் அங்குள்ள காற்று 13 மில்லிகிராம் வரை ஆவியை ஏற்கக்கூடும். இது வரம்பைப் போல் 250 மடங்குக்கும் அதிகம். வெப்பம் மேலும் 10 டிகிரி உயர்ந்தால் இந்த அளவு இரு மடங்கைத் தாண்டும். நமது சமவெளி நகரங்களில் மே மாதத்துத் தகரக் கொட்டகையின் நிலை எவ்வாறு இருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

நோயா, ஒழுங்கீனமா?

நஞ்சு சிறுகச் சிறுக ஏறும்போது தோன்றும் அறிகுறிகள் விசித்திரமானவை. ஈறு வீங்கும், எச்சில் மிகும், விரல்கள் நடுங்கும். இவற்றுடன் உறக்கமின்மை, மறதி, காரணமற்ற கூச்சம், சட்டென்று பொங்கும் சினம் ஆகியவையும் சேரும். மேற்பார்வையாளர் இவற்றை நோயாகக் கருதுவதில்லை. வேலையில் கவனமில்லை, எதிர்த்துப் பேசுகிறார் என்று விளக்கம் கோரும் கடிதம் போகிறது. பல ஆண்டுகளுக்கு முன் நான் பார்வையிட்ட ஒரு கருவித் தொழிற்சாலையில், சம்பளப் பட்டியலில் ஒரே தொழிலாளியின் கையெழுத்து மூன்று ஆண்டுகளில் கோணிப் போயிருந்ததைக் கண்டேன். மருத்துவர் ஒருவர் அப்பட்டியலைப் புரட்டியிருந்தால் அதுவே ஓர் எச்சரிக்கையாக அமைந்திருக்கும். ஆனால் அதைப் பார்த்தவர்கள் கணக்கர்கள் மட்டுமே.

சட்டத்தில் குறை அதிகமில்லை எனலாம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் பாதரச நச்சை அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. அதன் இடத்தில் வந்த 2020ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் தொகுப்பும் அவ்வாறே செய்துள்ளது. பாதரசம் கையாளும் வேலையில் ஆறு மாதம் தொடர்ந்து இருந்தவருக்கு அந்நோய் கண்டால், மாறாக மெய்ப்பிக்கப்படாத வரையில் அது வேலையினால் வந்ததாகவே கொள்ள வேண்டும் என்பது 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் வகுத்த நெறி. எனினும் வந்திருப்பது பாதரச நோய்தான் என்பதை முதலில் நிலைநாட்ட வேண்டுமே! சிக்கல் இங்குதான் தொடங்குகிறது.

சிறுநீரில் காணப்படும் பாதரசத்தின் அளவைக் கொண்டே உடலில் ஏறிய நஞ்சு கணிக்கப்படுகிறது. வேலையை விட்ட பின் அந்த அளவு ஏறத்தாழ இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பாதியாகிறது. ஓராண்டில் எஞ்சுவது அறுபதில் ஒரு பங்குதான். நரம்பிலும் சிறுநீரகத்திலும் நேர்ந்த சேதமோ நிலைத்துவிடக்கூடும். ஆக, நோய் இருக்கும், சான்று இராது.

கொடைக்கானல் வெப்பமானித் தொழிற்சாலையின் வரலாறு இவ்வகையில் நினைவுகூரத்தக்கது. பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு அந்நகரின் காயலான் கடையொன்றில் கிடந்தது வெளிப்பட்டதை அடுத்து, 2001 மார்ச்சில் அது மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 2006இல் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினர். பணியினால் தொழிலாளரின் உடல்நலம் கெடவில்லை என்பது நிர்வாகத்தின் நிலை. நோய்க்கும் பாதரசத்துக்கும் உள்ள தொடர்பு குறித்து ஆராய்ந்த வல்லுநர்களும் ஒரே முடிவுக்கு வரவில்லை. 591 தொழிலாளருக்குத் தொகை வழங்கும் உடன்பாடு 2016இல்தான் ஏற்பட்டது. தொழிற்சாலை மூடப்பட்டுப் பதினைந்து ஆண்டுகள் கடந்துவிட்டிருந்தன.

ஆதலால் வேலையில் இருக்கும்போதே குறிப்பிட்ட இடைவெளியில் சிறுநீர்ச் சோதனையும் காற்றுச் சோதனையும் நடத்தப்பட வேண்டும். அவற்றின் முடிவுகள் நிர்வாகத்தின் அலமாரியில் மட்டும் இருந்தால் போதாது, தொழிலாளியின் கையிலும் ஒரு படி இருத்தல் அவசியம். ஆலை மூடப்பட்டாலும் அந்தத் தாள் அவரிடம் இருக்கும்.

அறையின் அமைப்பே முதற் காப்பு

தடுப்பு முறைகள் அரியனவோ பெருஞ்செலவு பிடிப்பனவோ அல்ல. தரை பிளவும் இணைப்பும் இன்றி வழவழப்பாக இருக்க வேண்டும். சிந்தியது ஓரிடத்தில் சேருமாறு சற்றே சாய்வாகவும் அமைய வேண்டும். மரத் தரையின் இடுக்கில் புகுந்த பாதரசம் ஆண்டுக்கணக்கில் ஆவியாகிக்கொண்டிருக்கும். ஆவி தொழிலாளியின் முகத்தை எட்டுமுன் மேசையருகிலேயே அதை உறிஞ்சி வெளியேற்றும் குழாய்கள் தேவை. இருப்பு வைக்கும் கலங்களை இறுக மூட வேண்டும். சிந்தியதைத் துடைப்பத்தால் பெருக்குவது பெருந்தவறு. ஒரு துளி நூறு துளியாகச் சிதறி, ஆவி எழும் பரப்பு பெருகும். வீட்டு உபயோகத் தூசு உறிஞ்சியோ ஆவியை அறை முழுவதும் பரப்பும். துளிகளை உறிஞ்சு குழலால் சேர்த்தெடுத்து, எஞ்சியதன் மீது கந்தகப் பொடி தூவுவதே முறை.

துணி முகமூடி ஆவியைத் தடுக்காது. அயோடினோ கந்தகமோ ஏற்றிய கரி வடிகட்டி கொண்ட சுவாசக் கவசமே பயன்படும். அதுவும் அறையின் குறையை ஈடு செய்வதற்கன்று. வேலை உடையை ஆலையிலேயே விட்டு, குளித்த பிறகே தொழிலாளி வீடு திரும்ப வேண்டும். இல்லையேல் உடையில் ஒட்டிய துளிகள் குழந்தைகள் உறங்கும் அறைக்கே சென்று சேரும். நச்சுத் தொழில்களில் பாலும் வெல்லமும் வழங்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. பால் நல்ல உணவுதான். பாதரச ஆவிக்கு அது மாற்றன்று. உறிஞ்சு குழாய்க்குச் செலவிடாமல் பாலுக்குச் செலவிடும் நிர்வாகம், உற்பத்திச் செலவில் சேர வேண்டிய ஒரு தொகையைத் தொழிலாளியின் குடும்பச் செலவில் சேர்த்துவிடுகிறது. பொருளாதாரம் பயிலும் மாணவர்கள் சமூகச் செலவு என்று படிப்பது இதைத்தான்.

இவையனைத்தும் ஆய்வாளர் செல்லும் தொழிற்சாலைகளுக்குப் பொருந்தும். கைவிடப்பட்ட இரத்த அழுத்தமானிகளும் குழல் விளக்குகளும் போய்ச் சேரும் சிறு கொட்டகைகளில் இருவரோ மூவரோதான் வேலை செய்கின்றனர். மின்விசை உள்ள இடத்தில் 10 பேர், அது இல்லாத இடத்தில் 20 பேர் இருந்தால் தொழிற்சாலை என்றது 1948ஆம் ஆண்டுச் சட்டம். புதிய தொகுப்பு இவ்வெண்ணிக்கைகளை 20, 40 என உயர்த்தியுள்ளது. அதே வேளையில், ஆபத்தான பணி நடைபெறுவதாக மத்திய அரசு அறிவிக்கை செய்யும் இடங்களுக்கு ஆள் வரம்பு பாராமல் தொகுப்பைப் பொருத்தவும் வழி செய்துள்ளது. பாதரசக் கழிவைப் பிரித்தெடுக்கும் கொட்டகைகளை இவ்வறிவிக்கையின் கீழ்க் கொண்டுவருவதற்கு நாடாளுமன்றம் மற்றொரு சட்டம் இயற்ற வேண்டிய தேவை இல்லை.