கணிப்பொறி இரைகிறதா? தட்டாதீர்கள்!

கணக்கு மேசைக்குக் கீழே கணிப்பொறி திடீரென்று இரைந்தால் நம்மில் பலர் செய்வது, பெட்டியின் தலையில் ஒரு தட்டு. சத்தம் சற்று அடங்குவதும் உண்டு. ஆனால் உள்ளே ஹார்ட் டிஸ்க் சுழலும்போது தட்டுவது ஆபத்து. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டறிவதே முதல் வேலை.

அம்மாபேட்டை போன்று தறி ஓடும் பகுதிகளில் முதல் சந்தேகம் காற்றாடி மீதுதான். பறக்கும் பஞ்சு, பிராசசரின் மேலுள்ள அலுமினியத் தகடுகளின் இடுக்கில் கம்பளிபோல் படிந்துவிடும். சூடு வெளியேற வழியின்றி காற்றாடி வேகமெடுத்து இரையும். லினக்ஸ் வைத்திருப்போர், அது பாஸ் ஆனாலும் உபுண்டு ஆனாலும், டெர்மினலில் 'சென்சார்ஸ்' என்ற கட்டளை கொடுத்து வெப்பத்தைப் பார்க்கலாம். 'டாப்' என்று கொடுத்தால் எந்த நிரல் பிராசசரை ஓட்டுகிறது என்பது தெரியும். எந்த நிரலும் ஓடாதபோதே 70 டிகிரியைத் தாண்டினால் தூசியைத்தான் பார்க்க வேண்டும். மின் இணைப்பை எடுத்துவிட்டு, இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு, மெல்லிய பிரஷ்ஷால் துடையுங்கள். பஞ்சர் கடை கம்ப்ரசர் காற்று வேண்டாம். அதில் தண்ணீரும் சேர்ந்து வரும்.

ஸ்பீக்கரில் மட்டும் அவ்வப்போது 'டப்' என்று கேட்டால் பயப்பட வேண்டியதில்லை. மின்சாரத்தை மிச்சப்படுத்த லினக்ஸ் ஒலிப்பகுதியை அணைத்து எழுப்புவதால் வருவது அது. ஒலி டிரைவரின் 'பவர் சேவ்' அளவை 0 ஆக்கினால் பெரும்பாலும் நின்றுவிடும்.

ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கடிகாரம்போல் 'டிக், டிக்' என்று விடாமல் கேட்டால்தான் கடையே கவலைப்பட வேண்டும். சோதனை, சுத்தம் எல்லாம் பிறகு. முதலில் கணக்குக் கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் நகலெடுங்கள். ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டுக் கணக்குத் தாக்கலின் கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வரை கணக்குகளை வைத்திருக்க வேண்டும். டிஸ்க் போய்விட்டது என்று அதிகாரியிடம் சொல்லி என்ன பயன்?

நகல் எடுத்தபின் 'ஸ்மார்ட்சிடிஎல்' கட்டளையால் டிஸ்க்கின் நிலையைப் பாருங்கள். 'ரீஅலொகேட்டட் செக்டர்', 'பெண்டிங் செக்டர்' வரிகளின் கடைசி எண் 0 ஆக இல்லாமல் நாளுக்கு நாள் ஏறினால் டிஸ்க்கை மாற்றிவிடுங்கள். மேலே 'பாஸ்டு' என்று வந்திருந்தாலும் சரி.

இப்போதைய எஸ்.எஸ்.டி.யில் இந்தச் சத்தமே இராது. கெடும்போதும் சத்தமின்றியே கெடும்; ஆகவே அதற்கும் வாரம் ஒரு நகல் உண்டு.