ஒன்றிப்புக்காக இழக்கத் துணிந்த ஆயர்

விளாங்குடியில் நம்மோடு வாழும் சி.எஸ்.ஐ. சகோதரர்களின் திருச்சபை உருவாக உழைத்தவர்களுள் ஒருவர், முன்னாள் இராணுவ ஆன்மகுரு மைக்கேல் ஹாலிஸ் (1899–1986).

ஆங்கிலிக்கன் குருவான இவர் 1930களில் நாசரேத்தில் மறைப்பணியாற்றினார். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் படைவீரருக்கு ஆன்மகுருவானார். 1942இல் சென்னை ஆயரானார். இவருடைய சகோதரர் கிறிஸ்டோபர் கத்தோலிக்கத்தைத் தழுவிய எழுத்தாளர் என்பது நமக்குச் சுவையான செய்தி!

1947 செப்டம்பர் 27இல் சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரகேஷனல் சபையினர் ஒன்றாயினர். ஸ்காட்லாந்து பிரஸ்பிட்டேரியன் குருவான லெஸ்லி நியூபிகின், மதுரை–இராமநாதபுரம் ஆயராக அன்று திருநிலைப்படுத்தப்பட்டார்.

இதற்கு விலை இருந்தது. இங்கிலாந்துத் திருச்சபை புதிய சபையோடு முழு உறவை ஏற்கவில்லை. தம்மை வளர்த்த தாய்ச்சபையே தள்ளிநிற்பது ஓர் ஆயருக்கு எளிதா? ஆயினும் ஹாலிஸ் பின்வாங்கவில்லை. 1954 வரை புதிய சபையின் முதல் தலைமை ஆயராக விளங்கினார். பின்னர் பெங்களூரில் இறையியல் கற்பித்தார்.