நான்காவது வாஷர் எங்கே?

மைலோ டின்னில் மூன்று செம்பு வாஷர்கள் கிடந்தன. நான்கு இருந்திருக்க வேண்டும். நான்காவதைத் தவறவிட்டது நான்தான். அது எப்படி நடந்தது, அதனால் என்ன ஆனது என்பதை மாணவ நண்பர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

நான் இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவி. அப்பா சொந்தமாக ஒரு லோரி ஓட்டுகிறார். என்னைவிட வயதில் மூத்த, நான்கு சிலிண்டர் டீசல் லோரி அது. தெலுக் இந்தான் சுற்றுவட்டாரத்துச் சிறு தோட்டங்களில் செம்பனைக் குலைகளை ஏற்றி ஆலையில் சேர்ப்பது அதன் வேலை. செமஸ்டர் விடுமுறைக்கு நான் வீடு திரும்பியபோது அது கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டிருந்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் இஞ்சின் நொண்டியது.

வர்த்தக வாகனங்கள் ஆறு மாதங்களுக்கு ஒரு முறை வாகனப் பரிசோதனைக்குப் போக வேண்டும். அதில் புகைச் சோதனையும் உண்டு. அப்பாவின் லோரிக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை முறை. தேறாவிட்டால் லோரி ஓடாது. லோரி ஓடாவிட்டால் வீட்டில் வருமானம் இல்லை.

மாமா சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறார். வியாழக்கிழமை நான்கு இன்ஜெக்டர்களையும் கழற்றி, டீசல் பம்ப் கடைக்கு அனுப்பினார். சனிக்கிழமை காலை அவை புதுப்பிக்கப்பட்டுத் திரும்பி வந்தன. மாமாவுக்குத் தோள்பட்டை வலி. "நீயே மாட்டு பாப்பா, நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றார். அப்பாவுக்கு அதில் அவ்வளவாகச் சம்மதமில்லை. "படிக்கிற பிள்ளை கையில எதுக்குக் கரி?" என்று முணுமுணுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

ஒரு சொட்டு, நொடிக்கு 17 முறை

பெட்ரோல் இஞ்சினில் தீப்பொறி கொடுக்க ஸ்பார்க் பிளக் உண்டு. டீசல் இஞ்சினில் அது கிடையாது. காற்றை ஏறத்தாழ 16 முதல் 20 மடங்கு வரை சிறிய இடத்தில் அழுத்தும்போது அதன் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. அந்தச் சூட்டில் டீசலைப் பனித்துளிபோல் தூவினால் தானாகவே பற்றிக்கொள்ளும். தூவும் வேலையைச் செய்வதுதான் இன்ஜெக்டர்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றினால், நான்கு வீச்சு இஞ்சினில் ஒவ்வோர் இன்ஜெக்டரும் நிமிடத்துக்கு 1,000 முறை டீசலைத் தூவுகிறது. நொடிக்கு ஏறத்தாழ 17 முறை. ஒரு மணி நேரத்தில் 12 லிட்டர் டீசல் எரிவதாக வைத்துக்கொண்டால், ஒரு தடவைக்கு ஓர் இன்ஜெக்டரின் பங்கு 0.05 மில்லிலிட்டர். ஏறத்தாழ ஒரே ஒரு சொட்டு! அந்தச் சொட்டு சரியான நேரத்தில், சரியான அளவில், பொடிப்பொடியாகச் சிதற வேண்டும். தாரையாக ஒழுகினால் முழுதாக எரியாது. எரியாத மிச்சம்தான் கறுப்புப் புகை.

ருடால்ஃப் டீசலின் இயந்திரம் 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக ஓடிக் காட்டியது. ஆனால், எரிபொருளை உள்ளே செலுத்த அதற்கு ஒரு பெரிய காற்றழுத்தி தேவைப்பட்டது. அவ்வளவு பாரத்தை லோரியில் ஏற்ற முடியாது. 1927-இல் போஷ் நிறுவனம் டீசலை நேரடியாக அழுத்திச் செலுத்தும் பம்பைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கிய பிறகே டீசல் லோரிகள் பரவலாகின. அப்பாவின் லோரியில் இருப்பதும் அந்த வழியில் வந்த பம்ப்தான்.

பம்ப் கடையில் நடப்பது என்ன?

புதுப்பித்தல் என்றால் கழுவித் துடைப்பது மட்டுமல்ல. தேய்ந்த நாசிலை மாற்றுகிறார்கள். நாசிலுக்குள் ஓடும் ஊசிக்கும் அதன் கூட்டுக்கும் இடையிலான இடைவெளி சில மைக்ரான் மட்டுமே. மனிதத் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்பதை நினைத்துப் பாருங்கள். ஊசியும் கூடும் ஜோடியாகவே செய்யப்படுபவை. ஒன்றின் ஊசியை மற்றொன்றில் போடக்கூடாது.

பிறகு கைப்பம்ப் பொருத்திய சோதனைக் கருவியில் மாட்டி, எந்த அழுத்தத்தில் நாசில் திறக்கிறது என்று பார்க்கிறார்கள். இவ்வகைப் பழைய இஞ்சின்களில் அது பெரும்பாலும் 180 முதல் 250 பார் வரை இருக்கும். லோரி டயரில் இருப்பதோ 7, 8 பார்தான். அழுத்தம் குறைவாக இருந்தால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குக்கு மேல் மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்வார்கள். நான்கும் ஒரே அளவில் திறந்தால்தான் இஞ்சின் ஆடாமல் ஓடும்.

மாட்டும் முறை

"கழற்றுறதுல பாதி வேலை, சுத்தம் பண்றதுல மீதி. மாட்டுறது கடைசியா வர்ற சின்ன விசயம்" என்றார் மாமா. நான் அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை.

ஒவ்வோர் இன்ஜெக்டரின் அடியிலும் ஒரு செம்பு வாஷர் உட்காரும். எரியும் வாயு மேலே கசியாமல் அடைப்பது அதுதான். செம்பு மிருதுவானது, இறுக்கும்போது நசுங்கி இடைவெளியை நிரப்பும். ஒரு முறை நசுங்கியதை மறுபடி போடக்கூடாது. புதிதுதான் போட வேண்டும்.

பழைய வாஷர்கள் இன்ஜெக்டருடன் வெளியே வராமல் குழிக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றை வளைந்த கம்பியால் எடுத்து டின்னில் போடுவது என் வேலை. கிரீஸ் தடவிய பிரஷ்ஷால் கரியைத் துடைத்தேன். கரித்தூள் கிரீஸில் ஒட்டிக்கொள்ளும், சிலிண்டருக்குள் விழாது. பிறகு இன்ஜெக்டர் இல்லாமலேயே ஸ்டார்ட்டரைச் சில நொடிகள் சுற்றவிட்டோம். மிச்சமிருந்த தூசு காற்றோடு வெளியே பறந்தது.

புது வாஷர் போட்டு, இன்ஜெக்டர்களை இறக்கி, பிடிப்பு போல்ட்டுகளை மாறி மாறி, கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கினேன். அதிகமாக இறுக்கினால் நாசில் உடம்பு நெளிந்து ஊசி சிக்கிக்கொள்ளும். குறைவாக இறுக்கினால் வாயு கசியும். டீசல் குழாய்களின் இரு முனைகளையும் முதலில் கையாலேயே திருக வேண்டும். ஸ்பேனரால் இழுத்துப் பொருத்தினால் குழாய் வளைந்த நிலையிலேயே நின்று, பின்னாளில் விரிசல் விடும்.

அடுத்தது காற்றை வெளியேற்றுவது. டீசலை அழுத்தினால் அழுத்தம் உடனே நாசிலைச் சென்று சேரும். குழாயில் காற்றுக் குமிழி இருந்தால் அது சுருங்குமே தவிர, நாசில் திறக்காது. ஃபில்டருக்குப் பக்கத்திலிருந்த கைப்பம்பை, குமிழி நிற்கும்வரை அடித்தேன். இன்ஜெக்டர் பக்கத்துக் குழாய் நட்டுகளைத் தளர்த்தி வைத்து, மாமா ஸ்டார்ட்டரைச் சுற்றினார். நான்கிலும் டீசல் துள்ளி வந்ததும் இறுக்கினேன். அடுத்த சுற்றில் இஞ்சின் பிடித்துக்கொண்டது.

மூன்றாவது சிலிண்டர்

அப்பா எழுந்து வந்தார். சிரிக்கவில்லை. காதைக் கொடுத்துக் கேட்டார். "சுஃப், சுஃப்னு ஒரு சத்தம் வருதே?"

மாமா ஸ்பேனரை என் கையில் கொடுத்து, ஓடும் இஞ்சினில் ஒவ்வொரு குழாய் நட்டாகத் தளர்த்தச் சொன்னார். நல்ல சிலிண்டருக்கு டீசலை நிறுத்தினால் இஞ்சின் வேகம் சட்டென்று இறங்கும். ஒன்று, இரண்டு, நான்கு ஆகியவற்றில் இறங்கியது. மூன்றாவதில் அவ்வளவாக மாற்றமில்லை. அந்த இன்ஜெக்டரைச் சுற்றிச் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றியதும் குமிழ்கள் பொங்கின.

மாமா எதுவும் கேட்கவில்லை. மைலோ டின்னை எடுத்து என் முன்னால் சாய்த்தார். மூன்று வாஷர்கள்.

கரி பூசிக்கொண்டு குழியின் அடித்தளம்போலவே தெரிந்த பழைய வாஷரின் மேல் நான் புது வாஷரை வைத்திருந்தேன். இன்ஜெக்டர் ஒரு வாஷர் கனத்துக்கு உயர்ந்து நின்றதால் டீசல் விழவேண்டிய இடத்தில் விழவில்லை. பழைய வாஷரின் ஓரத்தில் வாயுவும் கசிந்தது. அப்படியே ஓட்டியிருந்தால் சூடான வாயு அந்த இருக்கையை அரித்திருக்கும். பிறகு சிலிண்டர் ஹெட்டையே கழற்ற வேண்டி வந்திருக்கும். செவ்வாய்க்கிழமைக்குள் அது முடிகிற வேலையில்லை.

என் முகம் போன போக்கைப் பார்த்து அப்பா, "விடு, நானும் ஒரு தடவை டீசலுக்குப் பதிலா பெட்ரோல் ஊத்தியிருக்கேன்" என்றார். அந்தக் கதையை அவர் அதுவரை எங்களிடம் சொன்னதே இல்லை.

இஞ்சின் ஆறியதும் மீண்டும் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்து, நான்காவதை எடுத்தேன். நல்லவேளையாக மாமா ஒரு புது வாஷர் கூடுதலாக வாங்கி வைத்திருந்தார். மாலை ஆறு மணிக்கு இஞ்சின் சீராக ஓடியது. செவ்வாய்க்கிழமை லோரி பரிசோதனையில் தேறியது.

நண்பர்களே, சில எச்சரிக்கைகள்

இன்ஜெக்டர் தூவும் டீசல் தோலைத் துளைத்து உடம்புக்குள் போய்விடும். வெளியே சின்னப் புள்ளிபோல் தெரிந்தாலும் அது அவசர சிகிச்சைக்குரிய காயம். கசிவைத் தேட அட்டைத்துண்டைப் பயன்படுத்துங்கள், கையை நீட்டாதீர்கள். குழாயைத் தளர்த்தும் சோதனை பழைய பம்ப் இஞ்சின்களுக்கு மட்டுமே. இன்றைய காமன் ரெயில் இஞ்சின்களில் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும். அவற்றில் ஓடும்போது எதையும் தளர்த்தக்கூடாது. அனுபவமுள்ளவர் பக்கத்தில் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவும் வேண்டாம்.

இன்னொன்று, நம் நாட்டு டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த பயோடீசல் கலந்திருக்கிறது. பழைய தொட்டியில் படிந்த அழுக்கை அது கரைத்துக் கொண்டுவரும், ஈரத்தையும் ஈர்க்கும். ஃபில்டரை உரிய காலத்தில் மாற்றி, அடியில் தேங்கும் தண்ணீரை வடித்துவிட்டாலே இன்ஜெக்டரின் ஆயுள் கூடும். அப்பா ஏற்றும் குலைகளே ஒரு வகையில் அவர் தொட்டிக்குத் திரும்பி வருகின்றன என்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

டீசல் சுழற்சியின் வரைபடத்தை நான் தேர்வில் பிழையின்றி வரைந்திருக்கிறேன். அந்த வரைபடத்தில் வாஷருக்கு இடமில்லை. மாமாவால் அந்த வரைபடத்தை வரைய முடியாது. ஆனால், டின்னில் எத்தனை இருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். எனக்கு இரண்டும் வேண்டும். உங்கள் வீட்டிலோ பக்கத்திலோ இப்படி ஒரு மாமா இருந்தால், அடுத்த விடுமுறையில் ஒரு நாள் அவர் பக்கத்தில் போய் நின்று பாருங்கள். எடுத்ததை மட்டும் எண்ணி வையுங்கள்.